ரெண்டாவது வண்டி: பாளையங்கோட்டையிலிருந்து காரையாறு வரை

எங்கள் குழுவில் ஆறு வண்டிகள். மலைக்குப் போனால் ரெண்டு விதி. முன்னால் போகிற வண்டியை யாரும் தாண்டக் கூடாது. அதற்கு அடுத்து, ரெண்டாவதாக, யார் ஓட்டுவதில் நம்பிக்கை குறைவோ அவரை விட வேண்டும். அப்படிப்பட்டவரைக் கடைசியில் விட்டால், மற்றவர்களைப் பிடிக்கிற அவசரத்தில் எங்கேயாவது போய் விழுவார். நல்ல விதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூணு பயணமாக அந்த ரெண்டாவது இடம் எனக்கே என்றால் எரிச்சல் வருமா வராதா?

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை எனக்கு. பதினாறு வருஷமாகக் கியர் வண்டி ஓட்டுகிறேன். காலை நேர வண்ணார்பேட்டை நெரிசலில் புகுந்து வருகிறவளுக்கு மலை என்ன பெரிய மலை? போன தை மாதம் ஒரு சனிக்கிழமை காரையாறு போவதென்று முடிவானதும், இந்தத் தடவை அந்த இடத்தைவிட்டு வெளியே வராமல் விடுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.

எப்போதும் முன்வண்டி அண்ணாச்சிதான். டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பழைய 350 சிசி வண்டி, சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். தங்கமான மனுஷன். ஆனால் கடைக்குச் சரக்கு கட்டி வருகிற சணலைக்கூட அவிழ்த்துச் சுருட்டி எடுத்துவைக்கிற ஆள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

காலை 5.45க்குப் பாளை பஸ் ஸ்டாண்டில் கூடினோம். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, நீங்க ரெண்டாவதா வாங்க. என் டயரைப் பாத்துக்கிட்டே வந்தாப் போதும்" என்றார். என் பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் ஜெபராஜ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்குக் கியர் வண்டி ஓட்டவே தெரியாது, சிரிப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக ரோடு நன்றாகவே இருக்கிறது. ரெண்டு பக்கமும் வயல், கை விறைக்கிற பனி. அம்பாசமுத்திரத்தில் 7 மணிக்கு இட்லி, வடை, காபி. ரெண்டு பேருக்கு 130 ரூபாய். பாபநாசம் செக்போஸ்ட் சேரும்போது 8 மணி, பாளையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாதென்று பையை எல்லாம் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் கவரில் இருந்ததால் ஜெபராஜின் மிக்சர் அங்கேயே நின்றுவிட்டது. பாவம், மேலே போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து காரையாறு 16 கிலோமீட்டர்போல. ரோடு குறுகல், வளைவுக்கு வளைவு ஆரன் அடித்தே ஆக வேண்டும். பஸ் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். அவசரப்படாமல் ஏறினால் முக்கால் மணி நேரம். அணையைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோவில் பக்கம் ஆற்றில் இறங்கினோம். தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி! மற்றவர்கள் கும்பிடப் போனார்கள். நானும் ஜெபராஜும் பாறையில் உட்கார்ந்து புளிச்சாதத்தைக் காலி பண்ணினோம்.

ஒரு மணிக்கு இறக்கம். மறுபடியும் ரெண்டாவது இடம். கடுப்போடு அண்ணாச்சி டயரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரத்தில் என்னவோ குறைந்தமாதிரி இருந்தது. சத்தம்! அண்ணாச்சி வண்டிச் சத்தத்தையே காணோம். என்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போகிறார். பெட்ரோல் மிச்சமாம். பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது எரிந்தபடியே இருந்தது. கருகல் வாடை வேறு மூக்கில் ஏறியது. வண்டியோ குறைவதற்குப் பதிலாக வேகம் எடுத்தது.

பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது, கீழே எங்கேயோ பஸ் ஆரன் கேட்கிறது. முன்வண்டியைத் தாண்டக் கூடாதாம், விதியாவது ஒண்ணாவது! அடுத்த வளைவுக்குமுன் கொஞ்சம் நேர் ரோடு கிடைத்தது. முறுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய்க் கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் அவருக்கு விழவில்லை. ஜெபராஜ் சர்ச்சில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர். அந்தத் தொண்டையைத் திறந்தார்.

"அண்ணாச்சி! கியரைப் போடும்வே! கியரு!"

அண்ணாச்சி கிளச்சைப் பிடித்துக் கியரைத் தட்டி விட்டார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, உறுமி, வேகம் அடங்கியது. அப்படியே மலைப் பக்கம் ஓரத்து மண்ணில் ஏறி நின்றது. நானும் பின்னால் ஒதுங்கி நிறுத்தினேன். அந்த வளைவைத் திரும்பி பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

ஜெபராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தை நோக்கி ஓடினார். "சூட்டில ஊத்தினா வெடிச்சிரும், சும்மா இரிங்க!" என்று பிடித்து இழுத்தேன். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். அதற்குள் மற்ற வண்டிகளும் வந்து நின்றிருந்தன, எல்லார் முன்னாலும்தான் கேட்டேன்.

"எத்தனை நாளா இப்பிடி இறங்குதீய?"

"எறக்கம்தானே தங்கச்சி... தானா உருளுத வண்டிக்குப் பெட்ரோல் எதுக்குன்னு..."

"வீட்டில மதினிகிட்ட நாங்க என்னன்னு போய்ச் சொல்ல? பெட்ரோல் மிச்சம்னா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்துப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மேற்கொண்டு திட்ட முடியவில்லை.

பிரேக் ஆற அரை மணி நேரம் ஆனது. அந்த இடைவெளியில், காரையாறு போக நினைப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டூவீலரை எப்போதும் விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், முந்தின நாளே வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை சமயம் கூட்டம் நெரியும், அந்தப் பக்கமே வேண்டாம். சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டு போங்கள், குரங்கு இருக்கிற இடத்தில் திறக்காதீர்கள். சாயங்காலத்துக்குமுன் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும். எனக்குப் போக வர ஆன பெட்ரோல் 320 ரூபாய். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், என்ஜின் ஓடட்டும். இறக்கத்தில் மிச்சம் பிடிக்கிற பெட்ரோலில் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது.

பிரேக் ஆறியது. எல்லாரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல அண்ணாச்சி முன்னால் போகக் காத்திருந்தார்கள். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். முன்னால் போகவில்லை. பைய உருட்டி வந்து என் வண்டிக்கு நேர் பின்னால் நிறுத்தினார்.

ஜெபராஜ்கூடச் சிரிக்கவில்லை.

"போங்க தங்கச்சி," என்றார் அண்ணாச்சி. "உங்க டயரைப் பாத்துக்கிட்டே வாரேன்."