அறுபத்தொன்றாம் தாள்

அலுவலகத்தில் அவரைத் தாள்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பது வயதுக்குள் இரண்டு நாவல் வெளியிட்டவர். ஐம்பத்தைந்தில், கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு பேய் விளையாட்டுக்குத் தாள் எழுதிக்கொண்டிருந்தார். விளையாடுகிறவர் ஓர் இருட்டு வீட்டுக்குள் நடப்பார், இழுப்பறையைத் திறப்பார், ஒரு தாள் கிடைக்கும். டைரிக் குறிப்பு, மருந்துச் சீட்டு, பாதியில் நின்ற அத்தியாயம் என்று மொத்தம் நூற்றுப் பதினான்கு தாள். எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்தால், அந்த வீட்டில் தனியாக வாழ்ந்து புத்தி பேதலித்த ஒரு நாவலாசிரியரின் கதை வரும்.

அந்த நாவலாசிரியருக்குப் புத்தி பேதலிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்பதில்தான் இழுபறி. டீம் லீடர், தாள்காரரின் வயதில் பாதி இருக்கும் பெண், நாவலாசிரியர் என்றால் குடிக்க வேண்டும், கண்ணாடியை உடைக்க வேண்டும் என்று சொன்னாள். தாள்காரர் தமக்குத் தெரிந்த நாவலாசிரியர் துயரங்களை வரிசையாக எடுத்து வைத்தார்: இடுப்பு வலி, நெஞ்செரிச்சல், கல்யாண வீடுகளில் ‘இப்ப என்ன எழுதறீங்க’ என்று கேட்கும் சொந்தக்காரர்கள். இவற்றில் பயமே இல்லை என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாவதைவிடப் பயங்கரமான ஒன்றை அவர் அதுவரை சந்தித்ததில்லை, ஆனாலும் வாதாடவில்லை. விஸ்கி பாட்டில்களைப் பற்றிய பதினெட்டுத் தாள்களை, ஜெலுசிலை மூடியில் அளவாகப் பிடித்துக் குடித்துக்கொண்டே எழுதி முடித்தார்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், பிற்பகல் மூன்றரைக்கு வீடு. தாள்காரரின் முதல் நாவலில் மனைவியின் அக்கா குடும்பச் சண்டை அப்படியே இருந்தது, சமையலறையில் உடைந்த தட்டுகளின் எண்ணிக்கை உட்பட. விமர்சகர்கள் உயிரோட்டம் என்றார்கள். அக்கா இரண்டு வருஷம் தங்கையோடு பேசவில்லை. அப்போது மனைவி துணி மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னாள்.

“இனிமே என்னையோ என் மனுஷங்களையோ எழுதினீங்கன்னா, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.”

எழுத மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். இரண்டாவது நாவல் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. ஆள் நடமாட்டமே இல்லாத நாவல். படித்தவர்களும் அதில் நடமாடவில்லை. அதற்குப் பிறகு நாவலே இல்லை. வாக்கைக் காப்பாற்றியதால் எழுத முடியவில்லையா, எழுத முடியாததால் வாக்கைக் காப்பாற்ற முடிந்ததா என்று முதலில் சில வருஷம் யோசித்தார். பிறகு அந்த யோசனையும் அலுத்துவிட்டது. இருபத்தாறு வருஷம் போயிற்று.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தாளைப் படமாக வரைகிறவருக்கு அதில் எத்தனை வரி வரும் என்று முதலிலேயே தெரிய வேண்டும். எழுத்து தயாராகவில்லை என்றால், பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, வாய்க்கு வந்ததை எழுதிச் சிவப்பு வண்ணம் பூசி வைப்பார்கள். கடைசி மாதத்தில் ஒருத்தர் சிவப்பாக இருப்பதையெல்லாம் தேடிப் பிடித்து மாற்றச் சொல்வார். தாள்காரர் பெரும்பாலும் வானிலை அறிக்கை எழுதி இடம் பிடிப்பார்.

அறுபத்தொன்றாம் தாள், நாவலாசிரியரின் மனைவி அவரை விட்டுப் போகும்போது எழுதிவைத்த கடிதம். அது எழுத வரவே இல்லை. மூன்று வாரம் முட்டிப் பார்த்துவிட்டு, வரைகிறவரின் நச்சரிப்புத் தாங்காமல், தம் மனைவி எட்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் சொன்னதை அப்படியே தட்டி வைத்தார்.

‘நான் பேசறப்போ உங்க கண்ணு என் மேல இருக்கு, காது வேற எங்கயோ இருக்கு. இந்த வீட்டுல நான் இருக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் வர்றது பல்பு ஃபியூஸ் ஆனாத்தான். நானும் ஒருநாள் ஃபியூஸ் ஆயிட்டா யாரைக் கூப்பிடுவீங்க?’

சிவப்புப் பூச மறந்துவிட்டார். வானிலையாக இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். நன்றாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விளையாட்டு வெளியானது.

பதினெட்டு விஸ்கித் தாள்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அறுபத்தொன்றைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். விளையாடுவதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்தி, சத்தமாகப் படித்து, மூக்கை உறிஞ்சினார்கள். அந்த இருட்டு வீட்டில் எந்த பல்பு முதலில் அணைகிறது என்பதை வைத்து நீண்ட ஆராய்ச்சிகள் வந்தன. தாள்காரருக்கு வாழ்நாளில் கிடைக்காத புகழ் ஒரே வாரத்தில் கிடைத்தது, அந்த வாரம் முழுக்க மனைவியின் செல்போன் ஒலிக்கும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த திருத்தப் பதிப்பில் அதை எடுத்துவிட வேண்டும் என்று டீம் லீடரிடம் போய் நின்றார். சுற்றி வளைக்காமல், அது தம் மனைவியின் பேச்சு என்பதையும் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“சார், இந்த விளையாட்டுல உயிரா இருக்கிறதே அது ஒண்ணுதான். அதைவிட நல்லதா ஒண்ணு எழுதிக் கொடுங்க, மாத்திடறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்.”

நியாயமான பேச்சுதான். வியாழன் மதியத்துக்குள் பத்தொன்பது கடிதம் எழுதினார். ஒன்றில் மனைவி சாபம் விட்டாள், ஒன்றில் கவிதை சொன்னாள், ஒன்றில் அவளே பேய். எதுவும் பல்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தாம் எழுதியதில் ஆகச் சிறந்தது தாம் எழுதாதது என்பதை அவர் அயர்ச்சியோடு ஒப்புக்கொண்டு, அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவிக்கு யாராவது சொல்லித் தெரிவதைவிடத் தாமே சொல்லிவிடலாம் என்று எண்ணம்.

மூன்றரைக்கு வந்த மனைவி சாப்பாட்டு மேஜையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை.

“தெரியும். போன வாரமே தெரியும்” என்றாள். கூட வேலை பார்க்கிற பெண் இடைவேளையில் செல்போனைக் காட்டி, பாருங்கக்கா இந்தப் பொம்பளை என்னமா எழுதியிருக்கா என்று கண் கலங்கியிருக்கிறாள். இவளும் பார்த்துவிட்டு, ஆமா, பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மறதியில் நடந்தது என்று தாள்காரர் விளக்கினார். சிவப்பு வண்ணம், கைக்குட்டை எல்லாவற்றையும் சொன்னார். அவள் தைல பாட்டிலை மூடினாள்.

“இருபத்தாறு வருஷமா நீங்க வாக்கைக் காப்பாத்தினதா நெனச்சேன். நான் பேசினதையெல்லாம் எடுத்து வச்சிருந்திருக்கீங்க.”

போய்விடுவாயா என்று அவர் கேட்டார். கேட்கும்போதே குரல் பத்தொன்பதாம் கடிதம்போல ஒலித்தது.

அவள் பையிலிருந்து பயன்படாத ஒரு பரிசோதனைப் படிவத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பத்து நிமிஷம் எழுதினாள். பேனா சரியாக எழுதாததால் இரண்டு முறை உதறினாள். “என் பேரைச் சொல்லி ஒரு லெட்டர் இருந்தே ஆகணும்னா இது இருக்கட்டும். அதை எடுத்துடுங்க” என்று நீட்டிவிட்டு, தலையணையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு முன்னறைக்குக் குடிபோனாள். வீட்டை விட்டுப் போவேன் என்றவள் அறையை விட்டுப் போனாள். மூன்று மாடி இறங்கிப் போக முட்டி ஒத்துழைக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் படித்தார்.

‘லிஃப்ட் இன்னும் ரிப்பேர். முட்டி வலிக்குது. நேத்து ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்கல, ரெண்டு தடவை குத்தினேன். அது அழல. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வர்றப்போ பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சுது. எறங்காம கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. நல்லா இருந்தது.’

அவ்வளவுதான். நான்கு முறை படித்தும் அதில் அவர் எங்கும் வரவில்லை. அவர் ஞாபகத்தில் வைத்திருந்த அவள் பேச்சில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர்தான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை டீம் லீடர் அதைப் படித்துவிட்டு, இதில் பயம் எங்கே என்று கேட்டாள். இருக்கிறது என்றார் தாள்காரர். அவளுக்குத் தெரியவில்லை. இதைப் போடாவிட்டால் திங்கட்கிழமை முதல் தாம் வரப்போவதில்லை என்றும் சொன்னார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டதில்லை. அடுத்த விளையாட்டின் தாள்களை வேறு யார் எழுதுவது என்று கணக்குப் பார்த்துவிட்டு அவள் ஒத்துக்கொண்டாள்.

புதுப் பதிப்பு வந்ததும் திட்டுகள் குவிந்தன. உயிரை எடுத்துவிட்டார்கள் என்றார்கள். லிஃப்டுக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். ‘புருஷனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இதெல்லாம் ஒரு கடிதமா?’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தாள்காரர் அந்தத் திட்டை மட்டும் சற்று நேரம் திறந்தே வைத்திருந்தார்.

அன்றைக்கு மனைவி வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

“ஜன்னல் சீட் கிடைச்சுதா?”

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“கிடைச்சுது” என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.