முகவரியில் நான் இல்லை என்று வந்த கடிதம்

‘தாங்கள் கொடுத்துள்ள முகவரியில் நேரில் விசாரித்ததில், அப்பெயரில் மாணவி எவரும் வசிக்கவில்லை எனத் தெரியவருகிறது. எனவே தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.’

சென்ற ஆண்டு செப்டம்பர் 9 தேதியிட்டு எங்கள் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தின் வாசகம் இது. அங்கே நான் இல்லை என்று சொன்ன அந்தக் கடிதத்தை, அதே முகவரியில், தபால்காரர் என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மனை நம்பி வாழும் வாசகர்களான உங்கள் முன்னால் இதைச் சொல்லப் பல மாதம் தயங்கினேன். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அன்றன்று நடந்ததைத் தேதி சொல்லிப் போனில் பேசிப் பதிந்துவைப்பது என் பழக்கம். அந்தப் பதிவுகளைத் திரும்பக் கேட்டு, சம்பந்தப்பட்டவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் முத்துமாரி. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை குறைவு. நேரே பார்த்தால் நடுவில் ஒரு புகை மூட்டம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். ஆளை முகத்தால் அல்ல, குரலால்தான் தெரிந்துகொள்வேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கியும், வாசிக்கச் சொல்லிக் கேட்டும் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் பரீட்சைத் தாளில் எழுத என்னால் முடியாது. நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அரசாங்கத்தில் அதற்குச் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று பெயர். கல்லூரியில் ஸ்கிரைப் என்பார்கள்.

முதலாண்டில் அந்த ஆள்தான் எனக்குச் சரியாக அமையவில்லை. நவம்பர் பரீட்சைக்கு வந்த பெண் முதல் தாளுக்கு வந்தாள், அடுத்த தாளுக்கு வரவில்லை. போன் அடித்தால் அணைத்து வைத்திருந்தாள். யாரையோ பிடித்து உட்காரவைத்து ஒப்பேற்றினார்கள். ஏப்ரலில் வேறொருத்தி வந்தாள். நான் ஒரு பத்தி சொல்லி முடிப்பதற்கு முன்பே பேனாச் சத்தம் நின்றுவிடும்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்க்கா.”

“நான் சொன்னது அம்புட்டையுமா?”

“அம்புட்டையும் எழுதிட்டேன்க்கா, அடுத்தது சொல்லுங்க.”

அவள் என்ன எழுதினாள் என்று என்னால் பார்க்க முடியாது. நன்றாகத் தெரிந்த இரண்டு பாடத்தில் தோற்றேன். துறையில் போய்ச் சொன்னால், உனக்கு நம்பிக்கையான ஆளை நீயே கூட்டிக்கொண்டு வா என்றார்கள். எங்கள் தெருவில் பள்ளி முடித்த பெண்கள் அத்தனை பேரும் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர்களில் யாரை நான் பரீட்சைக்கு இழுப்பது?

அப்போதுதான் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிக் குழு ஒன்று இருப்பது தெரிந்தது. சில மாணவர்களுக்கு மட்டும், பயிற்சி பெற்ற ஒரே ஆளைப் படிப்பு முடிகிறவரை ஸ்கிரைப்பாகத் தருவார்கள். முன்பு யாரோ அடுத்தவர் சான்றிதழைக் காட்டி ஏமாற்றினார்களாம். அதனால் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஜூலையில் விண்ணப்பித்தேன். செப்டம்பரில் அந்தக் கடிதம் வந்தது.

யாரும் வரவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். விருதுநகரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே எழுதிவிட்டார்கள். இல்லையென்றால் என் இடத்தை வேண்டியவர் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மறுநாளே அந்தக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் கிளார்க் அண்ணன்மேல் எனக்கு ஏற்கெனவே சந்தேகம். விண்ணப்பம் கொடுத்த அன்றே, “பாத்தா நல்லாத்தானம்மா இருக்க, உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்டவர் அவர்.

“மேடம் நேர்ல வந்தாங்கம்மா. நாலாம் தேதி வியாழக்கிழமை. அம்புட்டுத் தூரம் வெயில்ல ஸ்கூட்டில வந்து உங்க தெருவுல மூணு வீட்ல கேட்டிருக்காங்க. உங்க வீடு பூட்டிக் கெடந்திருக்கு.”

“அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருப்பாங்க. நான் காலேஜ்ல இருந்தேன். பக்கத்து வீட்ல கேட்டாச் சொல்லியிருப்பாங்களே.”

“பக்கத்து வீட்லயுந்தான் கேட்டிருக்காங்க. இல்லன்னுட்டாங்களாம்.”

“எங்க தெருவுல என்னைத் தெரியாதவங்களே கிடையாது. நீங்க பொய் சொல்றீங்க.”

“பொய் சொல்லி எனக்கு என்னம்மா ஆகப்போகுது?” என்றார்.

எனக்கும் அதுதான் தெரியவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. எங்கள் தெருவுக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட, குழுவின் பொறுப்பாளர் சாந்தகுமாரி மேடம் அன்று விடுப்பில் இருந்தார். அதையும் சந்தேகமாகவே குறித்துவைத்தேன்.

வீட்டில் அப்பா முடிவு சொல்லிவிட்டார். “ஒத்தப் பிள்ளைக்கு எழுத ஆள் தேடி நாங்க எம்புட்டுத்தான் அலைய? இந்தப் பரீட்சைக்கும் ஆள் அமையலன்னா படிப்பு போதும்த்தா. தீபாவளி லீவு முடிஞ்சு கம்பெனி தெறக்கையில புதுசா ஆள் எடுப்பாக. பெட்டி ஒட்டச் சேத்துவிடுதேன். அதுக்குக் கண்ணு வேண்டாம், கை பழகிக்கிடும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று இரவு நான் அழுதேன். இந்த உலகத்தில் எனக்கு உதவி செய்கிறேன் என்று சொன்ன ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பொய்யை மறைக்கிறார்கள் என்று தோன்றியது. அம்மன்மேலும் எனக்குக் கோபம் வந்தது. அதை இங்கே மறைக்கக் கூடாது.

செப்டம்பர் 12, ஆவணி கடைசி வெள்ளி. அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். பாஸ் ஆக வேண்டும் என்று நான் வேண்டவில்லை. ‘தாயி, எனக்கு மார்க் வேண்டாம். இதுல பொய் சொல்றது யாருன்னு மட்டும் எனக்குக் காட்டு. காட்டிட்டா உனக்குப் பொங்கல் வைக்கேன்’ என்று வாய்விட்டே சொன்னேன்.

அம்மா காதில் விழுந்துவிட்டது. “ஏ பிள்ள, சாமிகிட்டயே சி.ஐ.டி. வேலை குடுக்கியா? மார்க்கைக் கேளு!”

நான் கேட்கவில்லை. பொய் சொன்னவரைத்தான் கேட்டேன்.

அடுத்த வெள்ளி, புரட்டாசி பிறந்து முதல் வெள்ளி, அம்மன் காட்டிவிட்டாள். காட்டிய இடம்தான் நான் எதிர்பாராதது.

அதற்கு முன் எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனிக்குப் போகாத பெண்கள் வீட்டிலேயே சரவெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பார்கள். குழாய் மட்டும்தானா, வீட்டில் வைக்கக் கூடாத மருந்தும் உண்டா என்று கேட்டால் நான் பதில் எழுத மாட்டேன். தீபாவளி சீசன் நேரத்தில் தெரியாத முகம், தோளில் பை, கையில் பேனா, விசாரிக்கிற பேச்சு என்று யார் தெருவுக்குள் நுழைந்தாலும் செக்கிங் அதிகாரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கதவு சாத்திக்கொள்ளும். கேட்ட பெயருக்கெல்லாம் இல்லை என்று பதில் வரும். அப்படி யாரும் வந்துபோனதைப் பற்றியும் கொஞ்ச நாள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். பயம் தெளிந்த பிறகுதான் அது வேடிக்கைக் கதையாக வெளியே வரும்.

அந்த வெள்ளி கோயிலில் பூசை முடிந்து, அம்மாவும் நானும் தெருப் பெண்களும் பிரசாதத்துக்காக உட்கார்ந்திருந்தோம். எங்கள் அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு ஒருத்தி வந்தா பாரு, கண்ணாடியும் கைப்பையுமா. வண்டிய நிறுத்துனதுமே செக்கிங்குதான்னு முடிவு பண்ணிட்டேன். குழாயெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வாசலுக்கு வந்தேன். இந்தத் தெருவுல காலேஜ் படிக்கிற பிள்ள இருக்கான்னு கேக்கா.”

“நீ என்ன சொன்ன மதினி?” என்று ஒருத்தி தூண்டிவிட்டாள்.

“விடுவேனா? காலேஜ் பிள்ளையா, இங்கன பிள்ளைகளே கிடையாதும்மா, அம்புட்டும் கெழடு கட்டைகதான்னேன். அப்பப் பாத்து என் பேத்தி உள்ள இருந்து வீல்னு கத்துது. அது என்ன சத்தம்னு கேக்கா. பூனைன்னேன்!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அத்தை, அது என்னைக்கு?”

“போன மாசமா... இல்ல, ஓணத்துக்கு மொத நா. ஏஜெண்டு குழாய் எடுக்க வந்தானே, அந்த வியாழக்கெழம.”

“பேரு எதுவும் சொல்லிக் கேட்டாங்களா?”

“கேட்டா. உன் பேரத்தான் கேட்டா. அதுலதான எனக்குப் பயமே கூடிப்போச்சு! உன் பேரு அவளுக்கு எப்படித் தெரியும்? எவனோ தெருவையே எழுதிக் குடுத்துட்டான்னு நெனச்சேன். அப்படி ஒரு பிள்ள இந்த ஊர்லயே கிடையாதுன்னு சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணாத கொறையா சொல்லி அனுப்புனேன். உன்னையக் காப்பாத்துனேன்த்தா!”

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “பேச்சி மதினி, நீ காப்பாத்தல. எம்பிள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட” என்று சொல்லி விஷயத்தைச் சொன்னாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “திங்கக்கெழம அந்தக் காலேஜுக்கு என்னையக் கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொன்னாள்.

இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சந்தேகப்பட்டவர்களில் அத்தை பெயர் இல்லவே இல்லை. கிளார்க் அண்ணன் சொன்னது உண்மை. மேடம் வந்தது உண்மை. பொய் சொன்னது என்மேல் பாசம் வைத்த அடுத்த வீடு.

செப்டம்பர் 22, திங்கள். சீசன் வேலையைப் போட்டுவிட்டு அத்தை எங்களோடு பஸ் ஏறினாள். சாந்தகுமாரி மேடம் அவளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

“நீங்க... தெருவுல பிள்ளைகளே இல்லைன்னு சொன்னவங்கதானே?”

“ஆமாம்மா, அந்தப் பாவி நான்தான். இந்தா, இதான் பிள்ள. நல்லாப் பாத்துக்கோங்க. கோவம் இருந்தா என்னைய வைங்க, பிள்ள பேர அடிச்சிராதீக.”

“அப்போ அந்தப் பூனை?”

“அது எம்பேத்திம்மா.”

மேடம் சிரித்தார். கிளார்க் அண்ணனும் எட்டிப் பார்த்து, “அன்னைக்கு என்னை என்ன பேச்சு பேசுன!” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இடம் முடிந்துபோயிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் நின்றேன். கடிதத்தில் ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறதே. மேடம் சொன்னது வேறு.

“உன் இடத்தை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கலை முத்துமாரி. நானே இந்த வாரம் மறுபடியும் உங்க ஊருக்கு வரணும்னு இருந்தேன்.”

எனக்கு மறுபடி சந்தேகம். ஏன் என்று கேட்டேன்.

கடிதம் போன பிறகு, 12ஆம் தேதி, வேறொரு மாணவன் வீட்டைப் பார்க்க மேடம் வெம்பக்கோட்டைக்கு வந்திருக்கிறார். திரும்பும்போது வண்டி பஞ்சர். பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். கம்பெனி விட்டு வந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாளாம். முழங்கைவரை பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி. அவளாகவே பேச்சுக் கொடுத்து, “அன்னைக்கு எங்க தெருவுக்கு வந்தீகளே, நீங்க தேடுன பிள்ள இருக்குதும்மா. கண்ணு சரியாத் தெரியாது, நல்லாப் படிக்கும். எங்காளுக பயந்து மறைச்சிட்டாக. இன்னொருக்க வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாளாம். அதைக் கேட்ட பிறகுதான் மேடம் என் இடத்தை நிறுத்திவைத்திருக்கிறார்.

நான் கோயிலில் நின்றதும் அதே வெள்ளிதான்.

அந்த வாரமே மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சி அத்தை அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். நவம்பர் பரீட்சைக்குக் காளீஸ்வரி என்ற பெண் ஸ்கிரைப்பாக வந்தாள். ஒரு தாளுக்கும் பிந்தவில்லை. நான் பேசி நிறுத்திய பிறகும் அவள் பேனாச் சத்தம் கொஞ்ச நேரம் ஓடும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவளாகவே வாசித்துக் காட்டினாள். அந்தப் பரீட்சையில், முன்பு தோற்ற இரண்டையும் சேர்த்து எல்லாப் பாடத்திலும் தேறினேன். அப்பா பெட்டி ஒட்டும் பேச்சை எடுப்பதில்லை. தை மாதம் பொங்கல் வைத்து நேர்த்திக்கடனை முடித்தேன். சர்க்கரையைப் பேச்சி அத்தைதான் பிடிவாதமாக வாங்கி வந்தாள்.

என் சந்தேக குணம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மன் சந்நிதியைப் பற்றி எழுதும்போது பொய் எழுதக் கூடாது. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் ஆளைவிட்டு விலகிவிடுவேன். இப்போது நேரே போய்க் கேட்கிறேன். கேட்பதற்கான தைரியத்தை அம்மன் கொடுத்திருக்கிறாள். உங்களில் யாருக்காவது, குறிப்பாக என்னைப் போலப் படிப்புக்கு அடுத்தவர் கையை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு, எல்லாக் கதவும் பொய் சொல்லிச் சாத்தியதாகத் தோன்றினால், கோபத்தோடாவது அவள் முன்னால் போய் நில்லுங்கள். கோபப்பட்டு வந்ததற்காக அவள் என்னைத் தள்ளவில்லை. உங்களையும் தள்ள மாட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் பேசிய அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று இன்றுவரை தேடுகிறேன். குரல் எப்படி இருந்தது என்று மேடத்திடம் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். அவள் பேசியது நான் வேண்டிக்கொண்டதற்கு முன்பா பின்பா என்று கேட்டேன். விளக்கு வைக்கிற நேரம் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. நாங்கள் கோயிலில் இருந்ததும் அந்த நேரம்தான். எங்கள் தெருவில் அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். நான் இல்லை, நான் இல்லை என்றுதான் ஒவ்வொருத்தியும் சொல்கிறாள். எங்கள் தெருவில் ஒருவர் ‘இல்லை’ என்று சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அம்மனே வந்தாள் என்று அம்மா சொல்கிறாள். பேச்சி அத்தையும் அதையே சொல்கிறாள். நான் அப்படி எழுதவில்லை. அந்தப் பெண் யார் என்பது, இதை எழுதும் இந்த நாள்வரை, உறுதியாகவில்லை.