பெயர் எழுத வேண்டாத தாள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தொடுதிரை டேப் கொடுத்த ஆண்டு, ஆசிரியர்களின் கருத்தையும் கேட்டார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம். ஆளுக்கொரு தாள்; பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதை எழுதுங்கள் என்றார் தாளாளர். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். 'மிக நல்ல முயற்சி' என்று எழுதி மடித்துவிட்டேன். பிழைக்கத் தெரிந்தவள் இல்லையா.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். பல வருடமாக ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள் நாங்கள்.

"பேருதான் போட வேணாமே டீச்சர். எம்புட்டு நாளா நெஞ்சுக்குள்ள கெடக்கு, எழுதிப்புடுறேன்" என்றார்.

தாள்களைச் சேர்த்து மாடியில் தாளாளர் அறையில் கொடுக்கும் வேலை எனக்கு. படி ஏறும்போது புரட்டினேன். ஒரு தாளில் பக்கம் முழுக்க எழுத்து. கண்ணாடியில் விரலைத் தேய்க்கிற பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை, கையைப் பிடித்து எழுத வைக்க நேரம் கொடுங்கள், பெற்றோருக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகளைப் பாழாக்காதீர்கள். ஒவ்வொரு வரியும் நான் எழுதியிருக்க வேண்டியது. அடியில், சிவப்பு மையில், தேதியோடு ஒன்றாம் வகுப்பு டீச்சரின் கையெழுத்து. தினமும் நாற்பது நோட்டில் போட்டுப் பழகிய கை இதிலும் போட்டுவிட்டது. அடிப்பாவி மகளே என்று வாய்விட்டே சொன்னேன்.

இறங்கிப் போய் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். எழுதாத தாள் ஒன்று என் கையிலேயே மிச்சம் இருந்தது. அதற்குள் தாளாளர் கதவைத் திறந்து, "என்ன டீச்சர், அங்கயே நின்னுட்டீங்க?" என்றார். கொடுத்துவிட்டேன். பயம். வேறொன்றுமில்லை.

புது முறைக்கு ஒத்துவராதவர், அடுத்த ஆண்டு வர வேண்டாம் என்று பரீட்சை முடிந்த கையோடு அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள் திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம்.

"யாரு போட்டுக் குடுத்திருப்பாகன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன் டீச்சர். எல்லார் மேலயும் சந்தேகம் வருது. உங்க மேல மட்டும் வரல" என்றார்.

கையெழுத்துப் போட்டது அவருக்கு நினைவே இல்லை. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

ஆரப்பாளையம் பஸ் வந்தது. அவர் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்போதும்போலப் பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்தார்.

"ஏறுங்க டீச்சர், எடம் போட்டுட்டேன்."

"நீங்க போங்க, அடுத்த பஸ்ல வாரேன்" என்றேன்.