ஷைஜா சொல்லி முடிக்கும் வரை

என் தங்கை ஷைஜாவுக்குத் திக்குவாய். இதை முதலிலேயே நான் சொல்லிவிடுகிறேன். அவள் சொல்ல ஆரம்பித்தால் நேரமாகும். இப்படி முந்திக்கொள்வது தப்பு என்று தெரிய எனக்கு இருபத்தைந்து வருடம் ஆனது.

நான் ரெஜிலா. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க "ஒத்தப் பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை என்ற சாமானே கையிருப்பில் இல்லை. எதிரே நிற்கிறவர் வாயைத் திறக்கும்முன் அவருக்கு என்ன வேண்டும் என்று நானே சொல்லிவிடுவேன். கடைக்கு அது நல்லதுதான்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். ஷைஜாவின் முறை வரும்போது முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். உதடு துடிக்கும், கண் இறுக மூடிக்கொள்ளும். அந்தப் பக்கம் சோறு ஆறிக்கொண்டிருக்கும். நான் அவள் வசனத்தையும் சேர்த்துப் படபடவென்று சொல்லி "ஆமென்" என்பேன். அப்பாவும் "ஆமென்" என்பார். பிள்ளைக்கு ஒத்தாசை செய்த திருப்தியோடு எல்லோரும் சாப்பிட உட்காருவோம். பத்து வருடம் இதுதான் நடந்தது. ஓட்டலுக்குப் போனாலும் அவளுக்கும் சேர்த்து நான்தான் புரோட்டா சொல்வேன். அவளுக்குப் புரோட்டாவே பிடிக்காது என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பிளஸ் டூ முடித்ததும், "நர்சிங் படி, கல்ஃபுக்குப் போலாம்" என்றேன். இந்த மாவட்டத்தில் வேறென்ன சொல்வார்கள்? அவள் ஒரு விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தாள். பேச்சு, மொழிச் சிகிச்சை. பட்டப்படிப்பு நாலு வருடம், மேல்படிப்பு ரெண்டு வருடம். பேச்சு வராதவர்களுக்குப் பேச்சு வரவழைக்கிற படிப்பு.

"ஏட்டி, உனக்கு என்ன வட்டா, கிறுக்கா?" என்றேன்.

அத்தை அதற்கும் மேலே போனாள். "தான் போக வழியக் காணோம், மூஞ்சூறு விளக்குமாத்தையும் கவ்விட்டுப் போச்சாம்" என்று அவள் காதுபடவே சொன்னாள். ஷைஜா திருவனந்தபுரத்துக்குப் போய் அந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள்.

அந்தப் படிப்பு என்ன படிப்பு என்று ஊருக்கு விளக்கியே என் ஆயுள் தேய்ந்தது. "பேச்சுப் போட்டிக்கு என் பயலைத் தயார் பண்ணுவாளா?" என்று ஒருவர். "நாக்குக்கு அடியில அறுத்துவிட்டா பேச்சு வந்துரும்லா, அதுக்கு எதுக்கு ஆறு வருசம்?" என்று இன்னொருவர். அவளோ காது, தொண்டை, மூளை என்று ஒவ்வொரு நரம்பாகப் படித்தாள். பக்கவாதம் வந்து பெண்டாட்டி பேரே மறந்துபோன மனிதர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஒவ்வொரு மணிக்கும் மேற்பார்வை பார்க்கும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினாள். அந்தக் கையெழுத்து நோட்டை நான்தான் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். தாள் சிக்கிச் சிக்கி என் உயிரை வாங்கியது.

மேல்படிப்பின் முதல் வருடம், ஒரு பயிற்சிக்காக எங்கள் வீட்டுப் பேச்சைப் போனில் பதிவு செய்தாள். பிறகு இயர்போனை என்னிடம் நீட்டினாள். பன்னிரண்டு நிமிடம். அதில் அவள் பேச ஆரம்பித்தது பதினாலு தடவை. தானே முடித்தது மூன்று. மீதி பதினொன்றையும் முடித்தது ஒரே குரல். என் குரல். அதிலும் நாலு தடவை அவள் சொல்ல வந்தது வேறு ஏதோ.

"ஒத்தாச பண்ணுனது குத்தமாட்டி?" எனக்கு ரத்தம் கொதித்தது. "நான் இல்லேன்னா நீ விடிய விடிய அதே எழுத்துலயே நிப்ப!"

"நி... நி... நிப்பேன்" என்றாள். "நின்னா என்னக்கா?"

இயர்போனைக் கழற்றி எறிந்தேன். ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை.

படிப்பை முடித்தாள், நல்ல மார்க். அப்புறம் தொடங்கியது வேலை தேடும் படலம். முதல் இடத்தில், "உங்களைப் பாத்தா பெத்தவங்களுக்கு நம்பிக்கை வராதேம்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ரெண்டாவது இடத்தில் போன் பண்ணுவதாகச் சொன்னார்கள். அந்தப் போன் இன்னும் வரவில்லை. மூன்றாவது, நாகர்கோவிலிலேயே புதிதாகத் தொடங்கும் ஒரு குழந்தைகள் சிகிச்சை மையம்.

"இதுவும் போச்சுன்னா ஜூன்ல பி.எட். சேரணும். ஒரு வார்த்த பேசப்பிடாது" என்று ஷைஜாவிடம் சொன்னாள் அம்மா. யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

நேர்காணல் ஆன்லைனில். வீட்டில் நெட் ஊர்ந்துகொண்டிருந்ததால் கடைக்கு வந்தாள். லேமினேஷன் மிஷினை ஒதுக்கி, மேஜையில் லேப்டாப்பை வைத்துக் கொடுத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேமராவுக்குத் தெரியாத மூலையில் ஸ்டூலைப் போட்டு நானும் உட்கார்ந்துகொண்டேன். கூட இருந்தால் அவளுக்குத் தைரியமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரையில் மூன்று பேர். பேரைக் கேட்டார்கள். சொந்தப் பேரிலேயே நின்றாள். நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன். ஒருவழியாகச் சொன்னாள். பிறகு படிப்பைப் பற்றி, ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள். நின்று நின்றுதான் சொன்னாள், ஆனால் எதையும் விடாமல் சொன்னாள். நடுவில் இருந்த டாக்டரம்மா கடைசியாகக் கேட்டார்: "திக்கிப் பேசுற குழந்தையோட ஒரு அம்மா வர்றாங்க. வீட்ல நாங்க என்ன செய்யணும்னு கேட்கிறாங்க. அவங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்லுங்க பாப்போம்."

எனக்கே தெரிந்த பதில்!

"பிள்ள பேசும்போது நீங்க... கா... கா... கா..."

சுவர்க் கடிகார முள் ஓடுகிறது. திரையில் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போச்சு, பி.எட். தான்.

"காத்திருக்கணும்!" கத்திவிட்டேன். "பிள்ள சொல்லி முடிக்கது வரைக்கும் காத்திருக்கணும்!"

"யாரும்மா அங்க?" என்றார் டாக்டரம்மா.

பாவி, பாவி என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். ஷைஜாவின் காது சிவந்துவிட்டது. ஆனால் அவள் குனியவில்லை. "எ... என் அக்கா" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மைக்கை அணைக்காமலே என் பக்கம் திரும்பினாள். "அக்கா, வெ... வெ... வெளிய போ." அவர்கள் முன்னாலேயே தனக்கு வேண்டிய நேரம் முழுக்க எடுத்துக்கொண்டு சொன்னாள்.

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். ஆறு வருடப் படிப்பை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. பக்கத்துக் காய்கறிக் கடை குமாரதாஸ் அண்ணாச்சி ஆதார் கார்டோடு வந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மக்கா, உள்ள பிள்ள அசையாம இருக்கா? நெட்டு நின்னுட்டா?"

"ஒண்ணும் நிக்கல்ல. பேசிட்டிருக்கா."

"சத்தத்தையே காணோமே?"

"அதான் பேசிட்டிருக்காண்ணு சொல்லுகேன்லா! முடிச்ச பொறவு வாங்க அண்ணாச்சி!" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், மனிதர் கார்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"என்னட்டி சொன்னாவ?"

வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன். சவம் போனாப் போகட்டும், வேற வேலையா இல்ல, எல்லாம் என்னாலதான் மக்கா என்று பத்து வாக்கியம் என் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு பஸ் ஹாரன் அடித்து, திரும்பி, சாலைக்கே போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

"தி... திங்கட்கெழம வந்து சேரச் சொன்னாவ" என்றாள்.

"ஏட்டி சவமே!" அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இதச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

"ஆ... ஆமா" என்றாள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. "இவ்வளவு நேரந்தான்."