உப்புத்தாள்

கடலும் உப்பளமுமான எங்கள் மரக்காணத்தில் இரும்பு சும்மா கிடந்தாலே துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட ஊரில் போய் என் கணவர் பெயின்டர் ஆனார்! ஆசைப்பட்டு ஆகவில்லை. உப்பளத்தில் நின்று நின்று காலில் வந்த புண் ஆறவே இல்லை. "இனிமே உப்புத் தண்ணியில கால வெச்சீங்கன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் வேலை, கடலோர வீடு ஒன்றின் இரும்பு கேட். கம்பி பிரஷ் போட்டார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், தூசு போகக் கழுவினார், துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பச்சை பெயின்ட் அடித்தார். ஒரே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கித் துரு வெளியே வந்தது. சுரண்டி எடுத்து, கடையில் விற்கும் துரு எடுக்கும் மருந்தைத் தடவி, கழுவி, மறுபடி அடித்தார். மறுபடி கொப்புளம்.

"இன்னொரு தடவை பாப்பேன். அப்பவும் பொங்குச்சின்னா வேற ஆளை வெச்சுக்கறேன்" என்றார் அந்த வீட்டின் சொந்தக்காரர்.

என் கணவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் போனால் புண்ணோடு உப்பளத்தில்தான் இறங்குவார்.

"உப்புத்தாள் போட்டுத் தேச்சா உப்புதானே ஏறும்?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சொன்ன எனக்குத்தான் என்னவோ உறைத்தது.

மறுநாள் உப்பள வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவரோடு போனேன். கேட்டைப் பளபளவென்று தேய்த்துக் கழுவினார். நான் விரலால் தடவி நாக்கில் வைத்தேன்.

"கரிக்குது."

"இரும்பு கரிக்காம இனிக்குமா?"

"இது உப்புங்க. எனக்குத் தெரியாதா? எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

தோட்டத்துப் போர்வெல்லைக் காட்டினார். கடலோரத்தில் அதில் வருவது உப்புத் தண்ணீர்தான். இத்தனை நாளும் துருவை எடுத்துவிட்டு உப்பில் குளிப்பாட்டியிருக்கிறார் மனுஷன்! வந்த கோபத்துக்கு வாய் வலிக்கத் திட்டினேன்.

தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் கொண்டு வந்தோம். அவர் தேய்த்துக் கழுவக் கழுவ, நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான்காவது தடவைதான் கரிப்பு போனது. துணியால் துடைத்து, வெயிலில் காய்ந்த கையோடு, கடற்காற்று எழும்புவதற்குள் ரெட் ஆக்சைடு அடித்து முடித்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் அடித்து ஓய்ந்தது. கேட்டில் ஒரு கொப்புளம்கூட இல்லை. வீட்டின் சொந்தக்காரரே அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டு வேலை பிடித்துக் கொடுத்தார்.

தை மாதம் உப்பளத்தில் வேலை தொடங்கியதும் மேஸ்திரி வீடு தேடி வந்தார்.

"எங்கம்மா உன் வூட்டுக்காரன்? ஆள் பத்தல."

"அவருக்கு வேலை இருக்குதுங்க."

"சரி, நீயாவது வா."

"எனக்கும் அவரோடதாங்க வேலை" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.