கார்டு இல்லாத கால் மணி

எங்கள் ஸ்டுடியோ சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அத்தான் கைப்பட எழுதியது. பாஸ்போர்ட் படம் ஆறு நிமிடம். வேலைக்கு அனுப்பும் ஒற்றை ஆள் படம் அரை மணி. ஜோடிப் படம் ஒரு மணி. பத்துப் பேருக்கு மேல் குடும்பப் படம் ஒன்றரை மணி. கைக்குழந்தை இரண்டு மணி. அடியில் சிவப்பு மையில், 'அவசரப்படுத்தினால் நேரம் கூடும்' என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எத்தனை பேர் என்னிடம் வந்து முறைத்திருக்கிறார்கள் தெரியுமா? எழுதியவர் இருட்டறையில் ஒளிந்துகொள்வார், பேச்சு வாங்குவது நான்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தெருவில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் நிமிடக் கணக்கில் பதில் வரும். கைக்குழந்தைக்கு எதற்கு இரண்டு மணி என்று கேட்டால், படம் எடுப்பது பதினோரு நிமிடம், மீதி நேரம் அது பால் குடிக்க, தூங்க, துணியை நனைக்க, அழ, மறுபடி பால் குடிக்க என்பார். குடும்பப் படத்தில் ஒரு மணி நேரம் யார் பக்கத்தில் யார் நிற்பது என்கிற சண்டைக்கே போய்விடும். சண்டை போட்டுக்கொண்டு வந்த ஜோடிக்கு மூன்று நிமிடம் போதும், அதற்கு மேல் நின்றால் ஸ்டுடியோ தாங்காது என்பார். சிரிக்காமல் சொல்வார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அந்த வீட்டில் சிரிப்பு முழுக்க அக்கா கணக்கில்தான்.

நான் அங்கே சேர்ந்து பதினெட்டு வருடம். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றேன். மறுநாள் காலை அக்கா என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் ஒரு மேலங்கியை மாட்டிவிட்டாள். அன்று முதல் படம் திருத்துவது, அச்செடுப்பது, கேமராவைத் தயார் செய்வது, வருகிறவர்களின் காலரை நேராக்குவது எல்லாம் என் வேலை. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைத் தட்டியைப் பிடிப்பது அக்கா வேலை.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. அதைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். அத்தான் யாரைப் படம் எடுத்தாலும் முதல் கால் மணி கேமராவில் படம் பதிகிற கார்டு இருக்காது. பிலிம் காலத்தில் பிலிமை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய பழக்கம். மனிதர்கள் வந்து உட்கார்ந்ததும் ஒரு முகத்தை மாட்டிக்கொள்வார்கள், அது களைத்துக் கீழே விழ கால் மணி ஆகும், அதுவரை வெறும் கேமராவின் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும் என்பது அவர் கட்சி. பின்பக்கத் திரையில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பார், யாரும் எட்டிப் பார்த்துக் கேட்கக் கூடாது. முகம் களைத்த நொடியில், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டுவார். நான் மேலங்கிப் பையிலிருந்து கார்டை எடுத்து அந்த உள்ளங்கையில் வைப்பேன். அப்புறம் எடுப்பதுதான் படம். அதனால், கடை மூடும்போது கேமராவிலிருந்து கார்டை உருவிப் பையில் போடுவதும், ஆள் வந்து உட்காரும் முன் ஒருமுறை திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் என் கைக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

இந்த ரகசியம் தெரிந்த மூன்றாவது ஆள் அக்கா.

அக்காவுக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். அழகாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் எந்தச் சனியனோ கேலி செய்ய, அன்று முதல் சிரித்தால் உள்ளங்கை வாய்க்குப் போய்விடும். கேமரா என்றால் இன்னும் மோசம். கல்யாணப் படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் போல நிற்பாள். செல்போனில் எடுத்ததில் எல்லாம் கை. ஊர்ப்பட்ட முகங்களைப் படம் பிடித்த வீட்டில் அக்கா சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை. இது எங்களுக்கே அந்த வாரம்தான் உறைத்தது.

எந்த வாரம் என்றால், அக்காவின் இடது காதுக்குக் கீழே இருந்த கட்டியைச் சோதித்து, வெட்டித்தான் ஆக வேண்டும் என்று சொன்ன வாரம். டாக்டர் அம்மா நல்ல மாதிரி, சுற்றி வளைக்கவில்லை. கட்டி முகத்து நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் இடது பக்க முகம் அசையாது என்றார். அக்கா தலையாட்டினாள். அத்தான் ஆபரேஷன் எத்தனை மணி நேரம் என்று கேட்டார். அந்த மனிதருக்கு அதைத்தான் கேட்கத் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து ஆல்பம், பெட்டி, பழைய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். அக்காவின் தோள், அக்காவின் முழங்கை, தட்டியைப் பிடித்த அக்காவின் விரல். சிரிப்பு இல்லை. அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரையும் எடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவரே ஒரு யோசனையோடு வந்தார். கேமரா காலி என்று நினைத்தால் அக்கா கூச்சப்பட மாட்டாள். அதனால் இந்த ஒருமுறை கார்டை முதலிலேயே உள்ளே போட்டுவிடுவது. எப்போதும் போலக் கால் மணி கழித்துக் கையை நீட்டுவார், நான் இன்னொரு கார்டை வைப்பேன், மாட்டுகிற மாதிரி பாவனை செய்வார். அக்காவிடம் ஒரு ஒற்றை ஆள் படம், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் என்று கெஞ்சினோம். உதட்டைச் சுழித்துவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றாள்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது, பதினொன்றரைக்குள் வந்து சேர வேண்டும், விட்டால் மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் கட்டி காத்திருக்குமா? அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். வழி அறுபது நிமிடம். துணி எடுத்து வைக்க இருபது. ஸ்டுடியோவுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது என்றார். பத்தரைக்கு அங்கேயே வரச் சொல்லி டாக்ஸிக்குப் போன் செய்தேன்.

அப்படி ஓர் ஓட்டம். கதவைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, பின்திரையை இழுத்துவிட்டு, அக்காவை ஒப்பனைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தேன். அத்தான் கேமராவில் கார்டைப் போட்டு மூடி, என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானும் தலையாட்டினேன். அக்காவுக்குத் தலை வாரிவிட்டு வந்து, கேமராவைத் துடைத்து, முக்காலியில் மாட்டி, எல்லாம் தயார் என்றேன். தட்டியை அன்று நான் பிடித்தேன்.

அத்தான் வெறும் கேமராவைத் தட்டுவது போலத் தட்டத் தொடங்கினார். முதல் ஐந்து நிமிடம் அக்கா விறைப்பாக இருந்தாள். அப்புறம் சிரித்தாள். என்ன நினைத்தாளோ, கைக்குழந்தைப் படம் எடுக்கும்போது அத்தான் கிலுகிலுப்பையை ஆட்டுகிற அழகை நடித்துக் காட்டினாள், ஒரு பாட்டம் சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது. அந்தக் கோணல் பல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. நான் தட்டிக்குப் பின்னால் நின்று, பிடி, விடாதே பிடி என்று மனதுக்குள் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணிக்குப் பதில் இருபத்திரண்டு நிமிடம் விட்டார். அப்படி ஒரு இருபத்திரண்டு நிமிடம் அந்த ஸ்டுடியோவில் இருந்ததே இல்லை.

பிறகு இடது கையைப் பின்னால் நீட்டினார். நான் பையில் கைவிட்டேன். பாவனைக்கு வைத்திருந்த கார்டு ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று.

கேமராவைத் துடைத்தபோது என் கை திறந்திருக்கிறது, உருவியிருக்கிறது, பையில் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. பதினெட்டு வருடமாக ஒருநாள் தவறாமல் செய்த காரியத்தை அந்த ஒருநாளும் தவறாமல் செய்துவிட்டேன். அத்தானுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். கார்டு இல்லாவிட்டால், கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் ஓர் எழுத்து மின்னும். முதல் கால் மணி முழுவதும் அது மின்னுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. மின்னாமல் இருந்திருந்தால்தான் அவருக்கு உறுத்தியிருக்கும்.

கை நீட்டியபடியே இருந்தது. கார்டை வைத்தேன். அவர் கேமராவின் மூடியைத் திறந்தார். அவர் முதுகைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. உள்ளே காலி. பிறகு கார்டை உள்ளே தள்ளி மூடினார்.

அக்காவின் கை வாய்க்குப் போய்விட்டது.

மிச்சம் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் போய்விடும். வாழ்நாளில் ஜோக் சொல்லாத மனிதர் ஜோக் சொன்னார். கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டினார். நான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் மாதிரி பாடிக் காட்டினேன். அக்கா கண்ணால் சிரித்தாள், கையை எடுக்கவில்லை.

"கைய எடு."

"போதும் விடுங்க, இவ்வளவு நேரம் தட்டினது பத்தாதா?"

"எடுன்னு சொல்றேன்ல!"

அவர் அவளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அக்கா திகைத்துப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். நடந்தது இதுதான், இன்னொரு முறை சிரி என்று காலில் விழுந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டபின் யாருக்குச் சிரிப்பு வரும்? வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. வழியெல்லாம் அத்தான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் ஐந்தே கால் மணி நேரம். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், நரம்பையும்தான். முதல் சில நாள் அக்காவால் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீட்டில் 'போட்டோ?' என்று எழுதிக் காட்டினாள். பெரிதாக அச்சுப் போடக் கொடுத்திருக்கிறது என்றேன். ஐந்தாம் நாள் கேட்டாள், சட்டம் போடுகிறார்கள் என்றார் அத்தான். இன்னும் எத்தனை நாள் என்று எழுதினாள். நிமிடக் கணக்குச் சொல்கிற மனிதர் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். ராத்திரி கம்ப்யூட்டரில் அந்தப் பதினோரு நிமிடத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அறுபத்து மூன்று படம். அறுபத்து மூன்றிலும் ஒரு கை, கைக்கு மேல் இரண்டு கண். விரல் இடுக்கில் பல் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். நான் செத்துப்போகலாமா என்று இருந்தது. ஒரு வார்த்தை அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒருவழியாக ஆறியிருப்பேன்.

பத்தாம் நாள் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தோம். முகத்தின் இடது பக்கம் தொங்கிப்போய், வேறு யாரோ ஒருத்தியுடையது மாதிரி இருந்தது. இடது கண் மூடவில்லை, அதிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அது அழுகையில்லை, அந்தக் கண் இனி அப்படித்தான் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து, குழறிக் குழறிப் பேசினாள்.

"படத்தக் கொண்டா. கண்ணாடி பாக்கறதுக்கு முன்னாடி அதப் பாக்கணும்."

அத்தான் மருந்துச் சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"அன்னைக்குக் கார்டு உள்ளதான் இருந்துச்சு. நீங்க போட்டத ஒப்பனைக் கண்ணாடில பாத்துட்டேன். அதனாலதான் சிரிச்சேன். உங்களுக்காகத்தான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க ரெண்டாவது கார்டு மாட்டினப்புறம் கைய வச்சு மூடினேன். என்னைய ஏமாத்திட்டோம்னு ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டும்னு."

இனி மறைக்க என்ன இருக்கிறது? அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்தது, உருவியது, பையில் இரண்டு கார்டு இருந்தது. என் கைதான் அக்கா, நான் இல்லை, என் கை என்று பைத்தியம் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அக்காவின் உள்ளங்கை மெல்ல எழுந்து வாயை மூடிக்கொண்டது. முகம் வலப் பக்கம் திரும்பியது. தோள் குலுங்கியது.

சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. வாயைக் கை மறைத்திருந்தது, எங்களுக்குத் தெரிந்த இடது கன்னம் அசையவில்லை, அந்தக் கண்ணிலோ எப்போதும் நீர். நான் அத்தானைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தே பிழைத்த அந்த மனிதருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அவள் முன்னால் உட்கார்ந்து அந்தக் கை இறங்கக் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.