வரப்புக் கட்டிய புல்தரை

1. வழுக்கி விழுந்த விருந்தாளி

ஐப்பசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை. மழைமானித் தண்ணீரை அளந்துகொண்டிருந்தபோது பங்களாப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தாளி அம்மா புல்தரையில் வழுக்கி விழுந்து கிடந்தார். கணுக்கால் பிசகியிருந்தது. ஜீப்பில் ஏற்றிச் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

சின்னமனூருக்கு மேலே, மலையில் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் பீல்டு ஆபீசராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். விருந்தினர் பங்களாவின் தோட்டமும் என் பொறுப்பில்தான் இருந்தது. அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். நாள் கிழமைகளை என் டைரியிலிருந்து எடுத்திருக்கிறேன்.

ஜீப் போனதும் மானேஜர் புல்தரையின் நடுவில் வந்து நின்றார். தேனிக்காரர். அதிர்ந்து பேசமாட்டார்.

"இது புல்லா, ஊருணிப் பாசியா?"

தோட்டக்காரப் பேச்சியம்மாள் கையில் விளக்குமாற்றோடு நின்றிருந்தார். கெங்குவார்பட்டியில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். கொழுந்து பறித்துப் பறித்து முழங்கால் தேய்ந்துபோனதால் நான்கு வருடங்களுக்கு முன் அவரைப் பங்களாத் தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

"பாசிய நானா சார் வெதச்சேன்? வானம் ஊத்துது, அது மொளைக்குது."

"வானம் எல்லா எடத்துலயுந்தான் ஊத்துது. அங்கன ரோட்டோரத்துப் புல்லுல மொளைக்கலையே."

அன்று மாலையே பேச்சியம்மாளுக்குக் கவனக்குறைவு என்று மெமோ வந்தது. சித்திரையில் சீசன் தொடங்கும்வரை பார்ப்பது, புல்தரை சரியாகாவிட்டால் தோண்டி எடுத்துவிட்டுப் பேவர் பிளாக் பதித்துவிடுவது என்று மானேஜர் என்னிடம் சொன்னார். பிளாக் பதித்தால் தோட்டத்துக்கு ஆள் தேவையில்லை. முழங்காலை வைத்துக்கொண்டு பேச்சியம்மாளால் மறுபடி சரிவில் ஏற முடியாது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

2. அன்னபேதி

பாசிக்கு அன்னபேதி என்னும் இரும்பு உப்பு நல்ல மருந்து. கார்த்திகை முதல் வாரம் அதைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரேயரில் அடித்தேன். மூன்றாம் நாள் தரை முழுக்கக் கரிபோலக் கறுத்தது.

"ஏ ஆத்தா, தீய வச்ச மாதிரி ஆயிப்போச்சு" என்றார் பேச்சியம்மாள்.

பாசி செத்தால் அப்படித்தான் கறுக்கும் என்று விளக்கினேன். ஆனால் மருந்து பட்ட கல்படிகளில் துருக்கறை விழுந்தது என் தவறுதான். படியை நனைத்து மூடிவிட்டு அடித்திருக்க வேண்டும். அவர் இரண்டு நாள் எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தும் கறை போகவில்லை.

மானேஜர் வந்து பார்த்தார். "பச்சையா இருந்துச்சு. இப்பக் கருப்பா இருக்கு. அடுத்து என்ன கலரு?"

கறுத்த பாசியைப் பேச்சியம்மாள் முள்வாரியால் வாரிக் கூடைகூடையாக அப்புறப்படுத்தினார். பத்து நாள் தரை நன்றாகத்தான் இருந்தது. மார்கழி மூடுபனி இறங்கியதும் பாசி பழைய இடத்திலேயே பழையபடி வந்துவிட்டது.

3. டைரி

தை இரண்டாம் வாரம். நான்கு நாட்களாக மழைமானி காலி. ரோட்டில் தூசி பறந்தது. புல்தரையில் நடந்தால் மட்டும் பூட்ஸ் தடத்தில் தண்ணீர் ஊறியது. ரோட்டோரத்துப் புல்லில் பாசி இல்லையே என்று மானேஜர் ஐப்பசியில் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்ணீர் ஊறும் இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டேன். மூன்று நாள் காலையில் இப்படிச் செய்தபின் பார்த்தால், குச்சிகள் எல்லாம் கீழ் ஓரத்தில், ஹைட்ராஞ்சியாச் செடி வரிசையை ஒட்டிக் கூடி நின்றன. செடிகளுக்கு அடியில் கடப்பாரையைப் போட்டேன். கல்லில் இடித்தது. சேறு வைத்துக் கட்டிய கல் வரப்பு, தரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் பழைய டைரிகளைப் புரட்டினேன். முந்தைய மானேஜர் காலத்து டைரி ஒன்றில், பங்குனி மாதத்து வியாழக்கிழமையில் என் கையெழுத்து இருந்தது: "பங்களாப் புல்தரையின் கீழ் ஓரத்தில் கல் வரப்பு கட்டி முடிந்தது. இனி ஒரு சொட்டும் வெளியே போகாது."

எங்கள் குடும்பத்துக்குச் சின்னமனூரில் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல் உண்டு. நண்டு வளை விழுந்து வயல் தண்ணீர் வெளியேறினால் அப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்காது. வரப்பைச் சுற்றி வந்து வளையை அடைத்த பிறகுதான் மற்ற வேலை. அந்தக் கோடையில் பங்களாப் புல் காய்ந்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வரப்பைப் போட்டேன். வருடத்தில் இரண்டு பருவமும் மழை கொட்டும் மலையில் அது எதைத் தேக்கும் என்று யோசிக்கவில்லை. வரப்பு தெரியாமலிருக்க மேலே பூச்செடி வைத்தேன். பாராட்டினார்கள். பிறகு மறந்தும் போனேன்.

அதே டைரியில் ஐப்பசிப் பக்கத்தைத் திருப்பினேன். "கீழ் ஓரத்தில் பாசி. தோட்டக்காரர் கவனிப்பதில்லை."

அது பேச்சியம்மாளுக்கு முன்பு இருந்தவரைப் பற்றி எழுதியது. அவர் எப்போதோ மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

4. இரண்டு பைல்கள்

வரப்பைப் பற்றி அறிந்தவர் எஸ்டேட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. பேசாமல் பிரித்துவிட்டு, வடிகால் சரிசெய்தேன் என்று ரிப்போர்ட் எழுதியிருக்கலாம். ஆனால் அப்படி எழுதினால் பேச்சியம்மாளின் மெமோ அப்படியே இருக்கும். முதலில் அவரிடம் சொன்னேன்.

"அப்ப நாலு வருசமா நான் சொரண்டுனது ஒங்க பாசியா?"

"ஆமா பேச்சியம்மா."

"எத்தன வெளக்குமாறு தேஞ்சிருக்கும்" என்றார். முள்வாரியை எடுத்து வாரத் தொடங்கினார். பிறகு நிமிராமலே கேட்டார்: "மானேஜர்ட்டச் சொல்லிட்டீகளா?"

அன்று மதியம் டைரியோடு ஆபீசுக்குப் போனேன். நடந்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மானேஜர் தாளையும் டைரியையும் மாறி மாறிப் படித்தார்.

"ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு. இது ஒங்க பைல்ல ஏறுமே சார்."

"ஏறட்டும் சார். அந்தம்மா பைல்ல இருக்கிறது எறங்கணும்."

"புல்லு வரட்டும், எறக்குறேன். ஆனா சித்திரைன்னா சித்திரைதான். வரலைன்னா பிளாக்குதான்."

5. கல்லும் தண்ணீரும்

மறுநாள் கடப்பாரையோடு வரப்பின் முன்னால் நின்றேன். தண்ணீரைத் திறந்துவிடக் கை வரவில்லை.

"என்ன சார், கோயில இடிக்கப்போற மாதிரி நிக்கிறீக?" பேச்சியம்மாள் கடப்பாரையை வாங்கி முதல் கல்லைப் பெயர்த்தார். தேங்கியிருந்த தண்ணீர் பழுப்பாக ஒழுகி வந்தது.

வரப்பு இருந்த இடத்திலேயே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கத்து ஓடைவரை கொண்டுபோனோம். அதே கற்களைக் கொட்டிக் குழியை நிரப்பினோம். தரையில் சாண் இடைவெளி விட்டு கூர்க்கம்பியால் குத்தித் துளைகளில் மணல் நிரப்பினோம். வெயிலை மறைத்த சில்வர் ஓக் கிளைகளைக் கழித்தோம். மாசியில், தேயிலைக்கு வந்த டோலமைட் சுண்ணாம்புத் தூளில் கொஞ்சம் வாங்கித் தூவினோம். மண்ணின் புளிப்பு அதனால் குறையும்.

புல் வெட்டும் மெஷினின் வெட்டு உயரத்தை இரண்டு படி உயர்த்தச் சொன்னது பேச்சியம்மாள். "கிராப்பு வெட்டுன மாதிரி ஒட்ட வெட்டுனா, பாசிக்குத்தான் எடம் கெடைக்கும். போன வருசமே சொன்னேன்." அவர் சொன்னது உண்மை. அதை நான் டைரியில் எழுதவில்லை. வெறுந்தரை விழுந்த இடங்களில் ரோட்டோரத்துக் கிக்கியூ புல்லைப் பிடுங்கி வந்து நட்டதும் அவர்தான்.

பங்குனிக் கடைசி ஞாயிறு, பிற்பகலில் கோடை மழை கொட்டியது. இருவரும் ஆளுக்கொரு குடையோடு கீழ் ஓரத்தில் நின்றோம். கல் குழிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மானேஜர் வந்தார். மேலிருந்து கீழ்வரை நடந்தார். கீழ் ஓரத்தில் நின்று குதிகாலை அழுத்தித் திருகிவிட்டுக் காலை எடுத்தார். மூன்று பேரும் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீர் ஊறவில்லை.

"கம்பெனிக்காரன் கொடுத்துட்டுப் போன பிளாக் சாம்பிள திருப்பி அனுப்பிருங்க" என்றார். பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஆபீஸ் வந்து அந்த மெமோவ வாங்கிக்கங்க. ரத்துன்னு எழுதித் தாரேன்."

"எழுதி நீங்களே வச்சுக்கங்க சார். எனக்கெதுக்கு அது?" என்றார் பேச்சியம்மாள்.

ஆடியில் குழாயடியில் மட்டும் ஒரு முறம் அளவுக்குப் பாசி வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றியதும் போய்விட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு: பாசியைக் கண்டதும் மருந்தை எடுக்காதீர்கள். மழை விட்ட நான்காம் நாள் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, யார் நிறுத்தினார்கள் என்று பாருங்கள். மழையை எழுதுவதுபோல நீங்கள் செய்த வேலையையும் நாளோடும் பெயரோடும் எழுதி வையுங்கள். யாருக்காவது மெமோ எழுதுமுன் அந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டுங்கள். என் பைலில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. பேச்சியம்மாள் இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறார்.